ஓனர்கிட்ட என்னனு போய்ச் சொல்றது

ரோட்டு மேலயே சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், உச்சிப்புளி தாண்டி மண்டபம் போற வழியில. போர்டுல ஜெராக்ஸ்னு இருந்தாலும் கடைய ஓட்டுறது டைப்பிங்தான். வாடகை அக்ரிமென்ட், ஒத்திப் பத்திரம், மனு. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள்ங்கறதால ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கடையில நிக்க இடம் இருக்காது. பட்டா மாறுதல், முதியோர் பணம், தெருவுல பைப் வரலனு ஆயிரம் மனு. இதுக்கு நடுவுல அப்பப்ப ஒரு பொம்பளப்புள்ள வந்து ஓரமா நின்னு, கூட்டம் குறையற வரைக்கும் காத்திருந்து, "அக்கா, அட்வான்ஸ் பணத்த ஓனர் திருப்பித் தர மாட்டேங்கிறாக, ஒரு மனு அடிச்சுக் குடுங்க"னு கேக்கும்.

ஏம்மா காலி பண்ணுனனு கேட்டா "தண்ணி சரியில்லக்கா"னு பதில் வரும். தண்ணி சரியில்லனு வீட்ட காலி பண்றதா இருந்தா இந்த ராமநாதபுரம் மாவட்டமே காலியாத்தான் கெடக்கணும். அப்பறம் மெதுவா, நான் பாட்டுக்கு டைப் அடிச்சுக்கிட்டே இருந்தா, அதுவா வாயைத் திறக்கும். காரணம் தண்ணி இல்ல, பாலியல் தொல்லை. குடுக்கறது ஓனரோட மச்சினன். ஓனரோட மகன். வாடகை வாங்க வர்ற ஏஜென்ட். பக்கத்து போர்ஷன்காரன். சில சமயம் ஓனரே. அட்வான்ஸ் பிரச்சினைனு ஆரம்பிச்ச மனு பாதிக்கு மேல வேற மனுவா ஆயிரும், ஆனா கடைசியில பிரிண்ட் எடுக்கறப்ப "அந்த விஷயத்த எடுத்துருங்கக்கா, பணத்த மட்டும் கேட்டு அடிங்க"ம்பாங்க. எடுத்துருவேன். அவங்க மனு, அவங்க இஷ்டம். ஆனா அதப் பத்தி எழுதாம இருக்கவும் முடியல, அதான் இங்க எழுதுறேன்.

வெளியூர்க்காரங்களுக்கு எங்க ஊரு வாடகை வீடு எப்படி இருக்கும்னு தெரியாது. பாதிக்குப் பாதி காம்பவுண்டு வீடுதான். முன்னாடி ஓனர், பின்னாடி லைனா நாலஞ்சு போர்ஷன், பாத்ரூம் கக்கூஸ் வெளிய, சில இடத்துல ரெண்டு குடும்பத்துக்கு ஒண்ணு. போர் தண்ணி உப்பு, அது குளிக்கத் துவைக்க. குடிக்க காவிரித் தண்ணி பைப்ல வந்தாத்தான், வராட்டி தள்ளுவண்டியில குடத்த அடுக்கிக்கிட்டு தெருக் குழாய்க்குப் போகணும், இல்ல காசு குடுத்து வாங்கணும். மோட்டார் சுவிட்சு எங்க இருக்கும்? ஓனர் வீட்டு வராந்தாவுல. துணி காயப்போடுறது மொட்டமாடி, அதோட படி ஓனர் வீட்ட ஒட்டித்தான் ஏறும். கேஸ் சிலிண்டர் வந்தா வாங்கி வைக்கிறது ஓனர் வீடு. அதாவது ஒரு பொம்பள ஒரு நாளைக்கு எத்தன தடவ வெளிய வரணும், எந்த நேரத்துக்கு வருவா, புருஷன் ஊர்ல இருக்கானா இல்லையா, எல்லாம் அந்த முன்வீட்டுக்குத் தெரியும். நல்ல மனுசங்க இருந்தா அது பாதுகாப்பு. மோசமானவன் ஒருத்தன் இருந்தா அவனுக்கு டைம்டேபிளே கையில குடுத்த மாதிரி.

இங்க வாடகைக்கு இருக்கிற பொம்பளைங்க யாருனு பாத்தாலே விஷயம் விளங்கும். ராமேஸ்வரம், மண்டபம், பாம்பன் பக்கம் போட்டுக்குப் போறவங்க குடும்பம், ஆம்பள ராத்திரி கடல்ல இருப்பான், தங்கலுக்குப் போனா ஒண்ணு ரெண்டு நாள் கூட ஆகும். எல்லை தாண்டிட்டாகனு இலங்கை நேவி பிடிச்சுட்டா எப்ப வருவான்னே தெரியாது. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் ஆம்பள துபாய், சவுதி, மலேசியா. அப்பறம் வெளி மாவட்டத்துல இருந்து போஸ்டிங் ஆகி வர்ற டீச்சருங்க, 2022-ல ராமநாதபுரத்துக்கு மெடிக்கல் காலேஜ் வந்ததுக்கப்பறம் நர்சிங், லேப் டெக்னீசியன்னு வர்ற புள்ளைங்க, மண்டபத்துல மீன் ஆராய்ச்சி நிலையத்துல படிக்க வர்றவங்க. எல்லாருக்கும் பொதுவான ஒண்ணு, ராத்திரி கதவத் தட்டுனா உள்ள ஆம்பளக் குரல் கேக்காது.

ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்ப ஆம்பளைங்க வீட்டுல இருப்பாங்க. ஒரு அக்கா சொன்னாங்க, "தடைக்காலம் வந்துட்டா வாடகை வாங்க வர்ற அந்தாளு என்னைய தங்கச்சிங்கறான், படகு கடலுக்குப் போயிட்டா டார்லிங்குங்கறான்"னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. ஆனா அந்தத் தடைக்காலத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. வருமானம் இல்ல, அரசாங்கம் தர்ற நிவாரணம் மளிகைக் கடை பாக்கிக்கே பத்தாது, வாடகை ரெண்டு மாசம் நிக்கும். ஜூன் மாசம் போட்டு கடலுக்குப் போன மறுநாள் அந்த ஏஜென்ட் வந்து "வாடகைக்கு ஒண்ணும் அவசரமில்ல, நாம வேற மாதிரி பேசித் தீத்துக்கலாம்"னு வாசல்ல நின்னா அதுக்கு என்ன அர்த்தம்னு சின்னப்புள்ளைக்குக் கூடத் தெரியும். இதப் பத்திப் புகார் சொல்ற பொம்பளகிட்ட "நீ வாடகை பாக்கி வச்சிருக்கேல்ல"னு மொத கேள்வி வரும். பாக்கி வேற, இது வேற. வாடகை பாக்கிக்கு நோட்டீஸ் விடு, கோர்ட்டுக்குப் போ. உடம்பக் கேக்கறதுக்குப் பேரு பாலியல் தொல்லை, குத்தங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவுல பிரிவு 75. பாலியல் ரீதியா சலுகை கேக்கறதும் அதுக்குள்ளதான் வரும், கைய வச்சாத்தான் குத்தம்னு இல்ல.

சரி, ஓனர்கிட்டப் போய்ச் சொல்றாங்க. அங்க என்ன நடக்குதுனு பாருங்க. ஒரு நர்சுப் புள்ள, தென்காசிப் பக்கத்துல இருந்து வந்தது, நைட் டூட்டி முடிச்சு காலையில வந்து தூங்கும். ஓனரம்மாவோட கொழுந்தன் பகல்ல மீட்டர் பாக்கணும், டேங்க் பாக்கணும்னு கதவத் தட்டிக்கிட்டே இருப்பான். ஒரு நாள் மாடியில துணி எடுக்கறப்ப கையப் பிடிச்சுட்டான். அது நேரா ஓனரம்மாகிட்டப் போய் சொல்லிருச்சு. அந்தம்மா உக்காரச் சொல்லி, டீ குடுத்து, எல்லாத்தையும் கேட்டுட்டு, "அவன் அப்படித்தாம்மா, கொஞ்சம் வெகுளி, கைய கால ஆட்டித்தான் பேசுவான், நீ மனசுல வச்சுக்காத"னு சொல்லியிருக்காக. ரெண்டாவது தடவ சொன்னப்ப டீ வரல. "நீயும் நைட்டியோட மாடிக்குப் போற, டூட்டிக்குப் போற நேரமும் வர்ற நேரமும் ஒரு கணக்கு வேண்டாமா"னு கேட்டாக. மூணாவது தடவ இந்தப் புள்ள போகவே இல்ல, அந்தம்மாவே வந்து "என் தங்கச்சி மக குடிவர்றா, இந்த மாசத்தோட போர்ஷன ஒதுக்கிக் குடுத்துரும்மா"ன்னாக. டீயில ஆரம்பிச்சு டூ லெட் போர்டுல வந்து முடிஞ்சுது.

இதுல யாரும் வில்லி மாதிரி பேசலனு கவனிங்க. அந்தம்மா நல்லவங்கதான், புள்ளைக்குக் காய்ச்சல்னா கஞ்சி வச்சுக் குடுத்தவங்க. ஆனா கொழுந்தன வெளிய அனுப்ப முடியாது, வாடகைக்கு இருக்கிறவள அனுப்பிரலாம், எது சுலபமோ அதச் செஞ்சுட்டாக. எங்க பக்கம் பெரும்பாலான ஓனருங்க 'நடவடிக்கை'னு நெனைக்கிறது இதத்தான். பிரச்சினையச் சொன்னவ போயிட்டா, பிரச்சினையும் போச்சு. அவன் அங்கயேதான் இருப்பான், அடுத்து குடிவர்ற தங்கச்சி மகளுக்கும் டேங்க் பாக்கத்தான் வருவான். சொன்னவள காலி பண்ணச் சொல்றது நடவடிக்கையே இல்ல, அவனுக்குக் குடுக்கிற லைசென்சு. இத ஓனருங்க யாராச்சும் படிச்சா கோவப்படட்டும்னுதான் எழுதுறேன்.

இப்ப குடியிருக்கிறவங்க பக்கம். வாய்ல சொல்லாதீங்க. இல்ல, சொல்லுங்க, சொல்லிட்டு அன்னைக்கே எழுத்துலயும் அனுப்புங்க. வாய்ல சொன்னது அந்த வாசல்லயே காணாமப் போயிரும், நாளைக்கு "எங்கிட்ட அப்படி எதுவும் சொல்லலியே"ம்பாங்க, சத்தியம் பண்ணுவாங்க. எழுத்துனா வக்கீல் நோட்டீஸ் எல்லாம் வேண்டாம், வாட்ஸாப் போதும். ஆனா வாய்ஸ் நோட் வேண்டாம், டைப் பண்ணுங்க, அழுதுக்கிட்டே அனுப்புன வாய்ஸ் நோட்ட அந்த வீட்டுல பத்துப் பேரு கேட்டு நாலு குரூப்புக்கு அனுப்பிருவாங்க. மெசேஜ் தானா அழியற செட்டிங் ஆன்ல இருக்கானு பாத்து ஆஃப் பண்ணிக்குங்க. என்னனு எழுதுறதுனு தெரியாமத்தான் பல பேரு விட்டுர்றாங்க, அதனால அந்த நர்சுப் புள்ளைக்கு நான் அடிச்சுக் குடுத்த மாதிரியே ஒண்ண இங்க போடுறேன், பேரு, ஊரு, நேரமெல்லாம் மாத்தி:

"அக்கா, பின்போர்ஷன்ல இருக்கிற நான் எழுதுறேன். நேத்து 12ஆம் தேதி ராத்திரி பத்தரை மணிக்கு உங்க கொழுந்தனார் மோட்டார் பாக்கணும்னு சொல்லி என் கதவத் தட்டினார். நான் திறக்கல. ஜன்னல் பக்கம் வந்து தப்பாப் பேசினார். போன வாரம் மாடியில என் கையப் பிடிச்சார், அத அன்னைக்கே உங்ககிட்ட நேர்ல சொன்னேன். இனிமே அவர் என் போர்ஷன் பக்கம் வரக் கூடாது. வாடகைய நீங்களே வாங்கிக்கங்க. பின்கதவுக்குத் தாழ்ப்பாள் மாத்தித் தாங்க. இதுக்கு என்ன செய்யப் போறீங்கனு பதில் போடுங்க."

அவ்வளவுதான். கெஞ்சல் இல்ல, திட்டு இல்ல. தேதி, நேரம், என்ன நடந்துச்சு, முன்னாடி எப்ப சொன்னேன், இப்ப என்ன செய்யணும். 'தப்பாப் பேசினார்'ங்கறத விட அவன் பேசின வார்த்தையவே எழுத முடிஞ்சா இன்னும் நல்லது, கூசும்தான், அவனுக்கு இல்லாத கூச்சம் நமக்கெதுக்கு. அனுப்பிட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்க அக்கா தங்கச்சி, கூட வேலை பாக்குற ஒருத்தருக்கு அனுப்பி வச்சுருங்க. போன் ஒடைஞ்சாலும் இருக்கும்.

இன்னொண்ணு, வாடகைய ஜீபேல போடுங்க, கையில குடுக்கற பழக்கம் வேண்டாம். இங்க பாதி வீட்டுக்கு அக்ரிமென்ட்டே கெடையாது, "நம்ம ஊரு புள்ளதான, எதுக்கு பத்திரம்"னு வாய்ப்பேச்சுல குடிவந்துருப்பாங்க. நாளைக்கு ஸ்டேஷன்ல போய் நின்னா நீ அங்க குடியிருக்கிறதுக்கு என்ன ஆதாரம்னு கேப்பாங்க. மாசா மாசம் போன ஜீபே, கேஸ் ரசீது, அந்த அட்ரஸுக்கு வந்த பார்சல், எல்லாமே ஆதாரம்தான்.

ஓனரே ஆளா இருந்தா? அப்ப இந்த மெசேஜ் அவனுக்கே போகணும், சுருக்கமா, "இப்படிச் செய்யாதீங்க, முன்கூட்டியே சொல்லாம என் வீட்டுக்குள்ள வராதீங்க"னு. நம்ம மாநிலத்துல 2017-ல போட்ட வாடகைச் சட்டம் ஒண்ணு இருக்கு, 2019 பிப்ரவரியில இருந்து நடைமுறையில இருக்கு, பேரு ஒரு முழ நீளம், சொத்து உரிமையாளர் வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம்னு போகும். அதுப்படி ஓனர் ரிப்பேர் பாக்கவோ வீட்டப் பாக்கவோ உள்ள வரணும்னா 24 மணி நேரத்துக்கு முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும், அதுவும் காலை 7 மணியில இருந்து ராத்திரி 8 மணிக்குள்ளதான். ராத்திரி பத்தரைக்கு டேங்க் பாக்கறதெல்லாம் எந்தச் சட்டத்துலயும் இல்ல. தண்ணியையோ கரண்டையோ கட் பண்ணவும் கூடாது. இத நான் அழுத்தி எழுதக் காரணம், எங்க பக்கம் பழிவாங்கறதே தண்ணியிலதான். புகார் சொன்ன மறுநாள் மோட்டார் ரிப்பேர் ஆயிரும், அந்த ஒரு போர்ஷனுக்கு மட்டும். கைக்கொழந்தைய வச்சுக்கிட்டு எத்தன நாள் தாங்குவா? தாங்க மாட்டானு தெரிஞ்சுதான் சுவிட்ச ஆஃப் பண்றான். அதையும் தேதி போட்டு மெசேஜ் அனுப்புங்க, அந்தச் சட்டத்துல இருக்கிற வாடகை அதிகாரிகிட்ட புகார் குடுக்கறதுக்கு அதுதான் அடிப்படை. ஆறு மாசம், பத்து மாசம்னு அட்வான்ஸ் கேக்குறாங்கள்ல, அதே சட்டம் வேற ஒப்பந்தம் இல்லாட்டி மூணு மாச வாடகைதான் அட்வான்ஸுங்குது. 'வேற ஒப்பந்தம் இல்லாட்டி'ங்கற அந்த ஓட்டை வழியாத்தான் எல்லாரும் பத்து மாசம் வாங்குறாங்க. அந்தப் பத்து மாசம் மாட்டிக்கிட்டதாலதான் வாயத் திறக்காம இருக்கிறவங்க நிறைய, அதனால குடிவரும்போதே அட்வான்ஸக் கொறைச்சுப் பேசறதும் ஒரு பாதுகாப்புதான்.

ஓனர்கிட்ட சொல்லிட்டுத்தான் போலீஸுக்குப் போகணும்னு எந்தக் கட்டாயமும் கெடையாது, இது நிறைய பேருக்குத் தெரியல. நேரா மகளிர் ஸ்டேஷனுக்குப் போகலாம், பக்கத்து ஸ்டேஷனுக்கும் போகலாம், எங்க எல்லை இல்லனு தள்ளிவிடக் கூடாது, எந்த ஸ்டேஷன்லயும் வாங்கிக்கணும். இந்த மாதிரிப் புகார பொம்பள போலீஸ்தான் எழுதி வாங்கணும். அதே நியாய சன்ஹிதாவுல பின்னாடியே வர்றது பிரிவு 78, பாத்ரூம்ல எட்டிப் பாக்கறது, போன்ல படம் எடுக்கறது 77, அசிங்கமாப் பேசறது, சைகை காட்டுறது 79. நம்பர மனப்பாடம் பண்ண வேண்டாம், நடந்தத எழுதுனா பிரிவ அவங்க போடணும். குடுத்துட்டு, புகார வாங்கிக்கிட்டதுக்கு அத்தாட்சியா தர்ற சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்க, வாங்காம வாசப்படி எறங்காதீங்க. ராத்திரி உடனே ஆள் வேணும்னா 112, பேசறதுக்கும் வழி கேக்கறதுக்கும் 181. வக்கீலுக்குக் காசு இல்லனு யாரும் நிக்க வேண்டாம், பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல இலவசம், நம்பர் 15100.

இதெல்லாம் எழுதிட்டேன், ஆனா நடைமுறையில எங்க ஊர்கள்ல ஸ்டேஷனுக்கு முன்னாடி ஊர் ஒண்ணு இருக்கு. ஜமாத், ஊர்த்தலைவர், பங்குப் பெரியவங்க, சங்கத்து ஆளுங்க. கடன், வலை, படகு சண்டைனா அவங்க நல்லாவே பேசித் தீப்பாங்க, நான் கொறை சொல்ல மாட்டேன். இந்த விஷயத்துல மட்டும் பேச்சு வேற மாதிரி போயிரும். கூடியிருக்கிறது எல்லாம் ஆம்பளைங்க, அந்தப் பொம்பள நடுவுல நின்னு அவன் எங்க தொட்டான்னு சொல்லணும், அவன் சைடுல சித்தப்பா பெரியப்பானு ஏழு பேரு, இவ வெளியூரு. கடைசியில "அவன் மன்னிப்புக் கேட்டுட்டான், நீயும் பெருசு பண்ணாத"னு ஒரு பேப்பர் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்பாங்க. அந்தப் பேப்பர அடிக்க எங்கிட்டயே வருவாங்க. சம்பந்தப்பட்ட பொம்பள நேர்ல வந்து, கூட யாரும் இல்லாம, இப்படித்தான் வேணும்னு எங்கிட்ட சொன்னாத்தான் அடிப்பேன்னு சொல்லிருவேன். பெரும்பாலும் திரும்பி வர மாட்டாங்க, ராமநாதபுரத்துல வேற கடையில அடிச்சுக்குவாங்க. எனக்கு யாவாரம் போச்சு, போகட்டும்.

எங்க சித்தி மக அமெரிக்காவுல இருக்கா, அவகிட்ட ஒரு நாள் இதப் பேசிக்கிட்டு இருந்தேன். அங்க 1968-ல வந்த வீட்டு வசதிச் சட்டத்துலயே, வீடு வாடகைக்கு விடுறதுல பாகுபாடு பாக்கக் கூடாதுங்கற கணக்குல, பாலியல் தொல்லையும் வருதாம். 2016-ல போட்ட விதியில ஓனர் செய்யறது மட்டும் இல்ல, அவரோட வேலைக்காரன் செஞ்சாலும், பக்கத்து வீட்டு வாடகைக்காரன் செஞ்சாலும், ஓனருக்குத் தெரிஞ்சிருந்து, தடுக்கற அதிகாரமும் கையில இருந்து, சும்மா இருந்தா ஓனரும் பொறுப்புங்கறாங்க. படிச்சுப் பாத்தேன், அப்படித்தான் இருக்கு. அங்கயும் எல்லாம் ஒழுங்கா நடக்குதுனு நான் சொல்ல வரல, நடந்தா எதுக்குச் சட்டம். ஆனா "எனக்குத் தெரியும், ஆனா எனக்குச் சம்பந்தமில்ல"னு ஓனர் சொல்ல முடியாதபடி எழுதி வச்சிருக்காங்கள்ல, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

நம்மகிட்ட அப்படி நேரடியா ஓனர் தலையில கட்டுற வரிய நான் பாக்கல. 1998-ல நம்ம மாநிலத்துல கொண்டு வந்த பெண் வன்கொடுமை தடைச் சட்டத்துல ரோடு, பஸ் ஸ்டாப்பு, கோயில், பீச்சு, தியேட்டருனு வரிசையா சொல்லிட்டு 'வேறு எந்த இடமும்'னு முடிச்சிருப்பாங்க, அதுல மொட்டமாடியும் அடங்கும், ஆனா வாடகை வீடுன்னு வந்தா அது செஞ்சவனப் பிடிக்கத்தான். லேடீஸ் ஹாஸ்டல்னா 2014-ல தனிச் சட்டம், கலெக்டர்கிட்ட லைசென்சு வாங்கணும். 2018 டிசம்பர்ல சென்னை ஆதம்பாக்கத்துல ஹாஸ்டல் நடத்துனவனே ரூம்ல கேமரா ஒளிச்சு வச்சுப் பிடிபட்டானே, அதுக்கப்பறம் கொஞ்ச நாள் லைசென்சு லைசென்சுனு எல்லா ஊர்லயும் பேச்சா இருந்துச்சு. நம்ம பக்கம் நாலு புள்ளைங்களுக்கு மாடி ரூம விடுறவங்க யாரும் அத ஹாஸ்டல்னே நெனைக்கிறதில்ல. வாடகைக்குப் பதிலா ஓனர் வீட்டுல பாத்திரம் தேய்க்கிற பொம்பளைங்களும் உண்டு, அவங்களுக்கு அந்த வீடு வேலை செய்யற இடம், அதனால கலெக்டர் அமைக்கிற உள்ளூர் புகார்க் குழுவுக்கும் போகலாம், மூணு மாசத்துக்குள்ள.

அதனால நான் என்ன பண்ண ஆரம்பிச்சேன்னா, என் கடையில அடிக்கிற அக்ரிமென்ட்டுல ஒரு வரி சேத்துட்டேன். எல்லாரும் கேக்கற அதே பதினொரு மாச அக்ரிமென்ட்தான், அதுல வெள்ளையடிக்கிற செலவு யாரு, ஆணி அடிக்கக் கூடாது, ஆடு கோழி வளக்கக் கூடாதுனு இருக்கிற ஷரத்துகளுக்குக் கீழ இது:

"குடியிருப்பவருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ வீட்டு உரிமையாளர், அவரது உறவினர், அவரது ஆட்கள் அல்லது அதே வளாகத்தில் குடியிருக்கும் பிறரால் பாலியல் தொல்லை ஏற்பட்டு, அதை எழுத்து மூலம் தெரிவித்தால், உரிமையாளர் மூன்று நாட்களுக்குள் அதைத் தடுக்க நடவடிக்கை எடுத்து எழுத்தில் பதில் தர வேண்டும். புகார் கொடுத்த காரணத்துக்காகக் காலி செய்யச் சொல்லக் கூடாது. குடியிருப்பவர் தாமாகக் காலி செய்ய விரும்பினால் பிடித்தம் இல்லாமல் முன்பணம் முழுவதையும் சாவி கொடுக்கும் நாளிலேயே திருப்பித் தர வேண்டும்."

இது வரிதான், வேலி இல்ல, எனக்கும் தெரியும். ஆனா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஓனர் இத ஒரு தடவ வாய்விட்டுப் படிக்கிறாரு பாருங்க, கூடவே அவர் மகன் நிக்கிறான் பாருங்க, அதுக்காகவே போடுறேன். தொல்லை குடுக்கறது இன்னொரு வாடகைக்காரனா இருந்தாலும் ஓனர் கையில வழி இருக்கு, வீட்டத் தப்பாப் பயன்படுத்துறான், நிறுத்துனு நோட்டீஸ் குடுத்து, நிறுத்தலனா வாடகை கோர்ட்டுல அவன காலி பண்ணக் கேக்கலாம். சொந்தக்காரனா இருந்தா கோர்ட்டே தேவையில்ல, வாடகை வாங்க நீங்களே போங்க, மோட்டார் சுவிட்ச அந்த போர்ஷன் பக்கம் மாத்தி விடுங்க, கொல்லைப் பக்கம் ஒரு டியூப்லைட்டு போடுங்க, எலக்ட்ரீசியன் கூலி போக என்ன பெருசா ஆயிரும்.

கீழக்கரைப் பக்கம் பொண்ணுக்குத்தான் வீடு எழுதுறது, அதனால அங்க ஓனர்னா பல இடத்துல பொம்பளைங்கதான், வாடகை வாங்க வர்றது மட்டும் ஆம்பள. அப்படி ஒரு லாத்தா, அதாவது ஒரு முஸ்லிம் அக்கா, அக்ரிமென்ட் அடிக்க வந்தாங்க, இந்த வரியப் படிச்சுட்டு கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடி படிச்சாங்க. "மூணு நாளு எதுக்கு, ஒரு நாளுனு போடு"ன்னாங்க. போட்டேன். அதுக்கப்பறம் வாடகை வாங்குறதுக்கு ஏஜென்ட் வேண்டாம்னு சொல்லிட்டு அவங்களே ஜீபே போட்டுக்கிட்டாங்க, பேரன வச்சு.

எல்லாரும் அப்படி இல்ல. போன மாசம் ஒரு ரிட்டயர்டு சார் வந்தாரு, படிச்சதும் முகம் மாறிருச்சு. "எங்க வீட்டுல இந்த மாதிரியெல்லாம் நடக்காதும்மா, இத எடுத்துரு, பாக்குறவன் என்ன நெனைப்பான்"னாரு. நடக்காதுன்னா வரி இருந்துட்டுப் போகட்டுமே சார், ஆடு வளக்கக் கூடாதுனும்தான் போட்டிருக்கு, குடிவர்றவங்க ஆட்டோடயா வர்றாங்கனு கேட்டேன். குடிவரப்போற டீச்சரம்மா என்னையும் அவரையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு நின்னாங்க. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு கையெழுத்துப் போட்டாரு, வாடகையில ஐநூறு ரூபா கூட்டி.